பெல்சியின் பிள்ளைகள்

மேற்கு நகரில் விடிந்ததும் எல்லா வீடுகளிலும் ஒரே காரியம் நடக்கும். குழாயடியில் குடங்களை அடுக்கிவிட்டு, வீட்டில் யாராவது ஒருவர் சுவரில் பதித்த சிறிய விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பார். விளக்கு பச்சையானால் அன்றைய தொகுப்பு முடிந்துவிட்டது, தண்ணீர் வரும். சிவப்பானால் அன்று முழுக்கத் தெருவே காயும். தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் ஒருவரையொருவர் "பாஸ் ஆச்சா?" என்றுதான் விசாரித்துக்கொள்வார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் ஏதோ பரீட்சையைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைப்பதுண்டு.

அந்த நகரத்தின் தண்ணீர் முழுவதும் ஒரே கணினி நிரலாக எழுதப்பட்டிருந்தது; தினமும் விடியுமுன் அதைப் பிழை பார்த்து இயங்கும் வடிவத்துக்கு மாற்றுவதுதான் தொகுப்பு. கடல் உள்ளே வந்து பழைய சென்னையின் கிழக்குப் பாதியை எடுத்துக்கொண்ட பிறகு, மிஞ்சிய மக்கள் ஒரகடத்தைச் சுற்றிக் குடியேறினார்கள். தண்ணீரைப் பங்கிடும் வேலையை மறுபடி மனிதர்கள் கையில் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. லாரிக்காரர்களையும் வார்டு ஆட்களையும் அவர்கள் அதற்கு முன்பே பார்த்திருந்தார்கள். எனவே நீர்ப் பகிர்வு வாரியம் அமைந்தது. ஒவ்வொரு வீடும் அந்த வாரியத்தின் நிரலில் ஓர் அறிவிப்பாக எழுதப்பட்டது.

நிரலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை உண்டு. வகை என்பது ஓர் அச்சு. 'வீடு' என்ற வகைக்குள் பட்டா நிலத்தைக் குறிக்கும் ஒரு நிலப்புள்ளி இருக்க வேண்டும், ஒரு தலைவர் இருக்க வேண்டும், துணையும் பிள்ளைகளும் இருக்கலாம். எழுதியது அச்சில் பொருந்துகிறதா என்று வகைச்சரிபார்ப்பி என்ற கருவி பார்க்கும். பொருந்தினால் ஆளுக்கு இவ்வளவு என்று தண்ணீர் வரும். ஒரு வீடு பொருந்தாவிட்டாலும் அந்தத் தெருவுக்கான பகுதியே தொகுக்கப்படாமல் நின்றுவிடும்.

உமையாளின் வேலை அதற்கு அடுத்த படியில் இருந்தது. அச்சில் பொருந்துகிற ஒன்று அபத்தமாகவும் இருக்கலாம். இரண்டு தெருக்களை ஒரே வால்வில் மாட்டலாம்; ஆஸ்பத்திரிக் குழாய்க்கு நேரக் கட்டுப்பாடு வைக்கலாம். சரிபார்ப்பி இவற்றைக் கண்டுகொள்ளாது. இவற்றைப் பிடிக்க இன்னொரு கருவி உண்டு. ஆவணங்களில் அதற்குக் களையெடுப்பி என்று பெயர், பேச்சில் லின்ட். பொதுவான விதிகள் அதில் ஏற்கெனவே இருக்கும். வாரியத்துக்கென்று தனியாக வேண்டிய விதிகளை ஒருவர் உட்கார்ந்து எழுதிச் சேர்க்க வேண்டும். பத்து வருடங்களாக அந்த ஒருவர் உமையாள்தான். நாற்பத்தாறு வயது, தனியாக இருந்தாள், வாரியக் குடியிருப்பில் மூன்றாம் மாடி. ஆஸ்பத்திரிக் குழாய்க்கு நேரக் கட்டுப்பாடு வைக்கக் கூடாது என்ற விதி அவள் எழுதியது. அந்த விதி வந்த பிறகு எந்த ஆஸ்பத்திரியிலும் அறுவைச் சிகிச்சைக்கு நடுவில் தண்ணீர் நின்றதில்லை. அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை, ஆனால் மறந்ததுமில்லை.

எந்த விதிக்கும் விலக்கு உண்டு. 'அடுத்த வரியைச் சோதிக்காதே' என்று மேலே ஒரு குறிப்பு எழுதிவிட்டால் சரிபார்ப்பியும் களையெடுப்பியும் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். அவசரத்துக்கு என்று வைத்த வழி அது. பன்னீர் நகரில் ஒரு சாயப்பட்டறையின் தொட்டியை யாரோ ஒருவர் குடிநீர்க் குழாயோடு இணைத்து, மேலே விலக்கு எழுதி, 'தற்காலிகம், பிறகு பார்க்கலாம்' என்று காரணமும் எழுதியிருந்தார். அந்தத் தற்காலிகம் ஒன்பது வருடம் நீடித்தது. ஒரு கோடையில் குழாயில் அழுத்தம் குறைந்தபோது தொட்டித் தண்ணீர் திரும்பிப் பாய்ந்தது. அங்கன்வாடியில் காலைக் கஞ்சி குடித்த குழந்தைகள்தான் முதலில் செத்தார்கள்.

விசாரணையில் நீதிபதி ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். இதை எழுதியது யார்? யாருக்கும் தெரியவில்லை. எழுதியவர் ஓய்வு பெற்றிருக்கலாம், இறந்திருக்கலாம், அந்த அறையிலேயே உட்கார்ந்திருக்கலாம். அந்த வரியைச் சத்தமாக வாசித்துக் காட்டும்படி உமையாளைக் கேட்டார்கள். 'பிறகு பார்க்கலாம்' என்று வாசித்தபோது பின் வரிசையில் ஒரு பெண் கத்தினாள். அந்தச் சத்தத்தோடு வீடு திரும்பிய உமையாள், அந்த வாரமே புதிய விதியை எழுதத் தொடங்கினாள்.

விதி எளிமையானது. ஒவ்வொரு விலக்கிலும் அதற்குப் பொறுப்பேற்கும் ஒருவரின் பெயர் இருக்க வேண்டும். அவர் உயிரோடு இருக்க வேண்டும், வாரியத்தில் வேலையில் இருக்க வேண்டும். வழக்கம்போல அவள் மாதிரிகள் எழுதிச் சோதித்தாள்: தேற வேண்டிய வரிகள் ஒரு பக்கம், தேறக் கூடாத வரிகள் மறுபக்கம். தேறக் கூடாதவற்றில் முதலாவதாகப் பன்னீர் நகர் வரியை வைத்தாள். களையெடுப்பி அதைப் பிடித்தது.

தலைமைப் பொறியாளர் வேதநாயகத்துக்கு விதி மிகவும் பிடித்துவிட்டது.

"நல்லா இருக்கு உமையாள். ஆனா தப்பு இருக்குன்னு சொல்லிட்டு நின்னா போதாது. அதுவே சரி பண்ணிடணும்."

"எப்படி சார்? யார் பேரைப் போடணும்னு லின்ட்டுக்கு எப்படித் தெரியும்?"

"பேரைப் போட வேண்டாம். பேர் இல்லேன்னா எடுத்துடட்டும்."

"விலக்கையா?"

"விலக்கை மட்டும் எடுத்தா கீழ இருக்கற வரி பிழையாயிடும், தெருவே நின்னுடும். ரெண்டையும் சேர்த்து எடுத்துடட்டும். ஒரு மாசம் எச்சரிக்கை குடுப்போம். அதுக்குள்ள பேர் போடாத விலக்கு, யாருக்கும் வேண்டாத விலக்குதானே?"

அது நியாயமாகத்தான் தோன்றியது. ஒரு மாதம் நிறைய நாள். பெயர் எழுத ஒரு நிமிடம் ஆகாது. தானாகத் திருத்தும் பகுதியை அவள் ஒரே பிற்பகலில் எழுதி முடித்தாள்.

அந்த மாதம் முழுக்க எல்லோருடைய திரையிலும் மஞ்சள் எச்சரிக்கைகள் வந்துகொண்டிருந்தன. அடுத்த மேசையில் இருந்த ரிஸ்வான் மட்டும் தன் பிரிவு விலக்குகளில் தன் பெயரைப் போட்டான். மற்றவர்களிடம் உமையாள் போய்க் கேட்டபோது எல்லோரும் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொன்னார்கள். "நான் எழுதினது இல்லையே மேடம். எனக்கு முன்னாடி இருந்தவர் எழுதினது." பன்னீர் நகருக்குப் பிறகு எல்லோரும் ஒரு பாடம் கற்றிருந்தார்கள். பெயர் இருந்தால் மாட்டிக்கொள்வோம் என்ற பாடம். அவள் எதிர்பார்த்தது வேறு.

ஒன்றாம் தேதி காலை தொகுப்பு என்றைக்கும் இல்லாத வேகத்தில் முடிந்தது. வேதநாயகம் அலுவலகத்துக்கு மைசூர்பாகு வாங்கி வந்தார். "பாருங்க, எவ்வளவு களை இருந்திருக்கு," என்றார்.

மதியம் டீ குடிக்கப் போன ரிஸ்வான் கையில் டம்ளரோடு திரும்பி வந்தான்.

"அக்கா, கொஞ்சம் கீழ வர்றீங்களா? வாசல்ல கொஞ்சம் பேர் உக்காந்திருக்காங்க. புகார் மிஷின் அவங்க புகாரை எடுக்க மாட்டேங்குதாம்."

வாசல் மரத்தடியில் பத்துப் பதினைந்து பெண்கள் பிளாஸ்டிக் குடங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் இருந்தவள் பெல்சி. ஐம்பதைத் தாண்டிய வயது, கனமான உடம்பு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்தவள். கடல் வந்த பிறகு, கைவிடப்பட்ட ஒரு கால் சென்டர் கட்டடத்தில் அவளும் அவள் தெருக்காரர்களுமாகத் தொண்ணூறு குடும்பங்கள் குடியிருந்தன.

"தண்ணி வர்லம்மா. எதிர்த் தெருவுல வந்துச்சு, பின்னாடி தெருவுல வந்துச்சு. எங்க கொழாய்ல காத்துகூட வர்ல. இந்த மிசின்ல சொன்னா வீட்டு நம்பரே இல்லன்னுது."

உமையாள் கைத்திரையில் தேடினாள். அப்படி ஒரு வீடு இல்லை. முந்தின நாள் பதிப்பைத் திறந்து பார்த்தாள். தொண்ணூறு வீடுகளும் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு விலக்கு. 'நிலப்புள்ளி கடலுக்குள் உள்ளது, வேறு வழியில்லை.' பெயர் இல்லை.

"உங்க நிலப்புள்ளி…" என்று ஆரம்பித்தாள்.

"பட்டா கீதும்மா. எங்க மாமியா பேர்ல காசிமேட்டுல பட்டா கீது. கடலு எட்த்துக்கினு பூட்ச்சி. நாங்களா எட்த்துக்கினு போவ சொன்னோம்?"

சரிபார்ப்பியின் கணக்கில் நிலம் என்பது தண்ணீருக்கு மேலே இருப்பது. கடலுக்குள் இருக்கும் புள்ளி நிலம் ஆகாது. நிலம் இல்லாவிட்டால் வீடு இல்லை. இத்தனை வருடமும் யாரோ ஒரு முகம் தெரியாத ஊழியர் போட்ட விலக்கில் அவர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

உமையாள் மேலே போய் அந்தத் தொண்ணூறு வரிகளையும் பழைய பதிப்பிலிருந்து எடுத்துத் திரும்பச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் தன் பெயரை எழுதினாள். மறுநாள் காலை அந்தக் கட்டடத்தில் விளக்கு பச்சையானது.

செய்தி பரவிவிட்டது. பெயர் போடப் பயந்த பொறியாளர்கள் தங்கள் விலக்குகளை அவளுக்கு அனுப்பினார்கள். 'மேடம், இதுவும் பாத்துடுங்க.' சுடுகாட்டுக் காவல்காரர் அறை, ஏரிக்கரைப் பள்ளிக்கூடம், ஒடிஷாவிலிருந்து வந்த செங்கல் சூளைக் குடும்பங்கள். அவள் பார்க்காமல் எதிலும் பெயர் போடவில்லை. விடுமுறை நாட்களில் பஸ் பிடித்துப் போய்க் குழாயைப் பார்த்தாள், குடிக்கிறவர்களைப் பார்த்தாள், பிறகு எழுதினாள். போகிற இடங்களிலெல்லாம் அவளுக்கு நாற்காலி போட்டார்கள். இப்படித்தான் பொறுப்பு என்பது இருக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள். அந்தச் சில மாதங்களில் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

இதற்கு நிரந்தரத் தீர்வு என்ன என்பதும் அவளுக்குத் தெரியும். நிலம் என்ற வகையையே திருத்த வேண்டும். 'கடல்கொண்ட நிலம்' என்று ஒரு கிளையைச் சேர்த்துவிட்டால் விலக்கே தேவைப்படாது. பத்து வரி வேலை. வகைகளைத் திருத்தும் அதிகாரம் வாரியத்துக்கு இல்லை என்பதால் அரசுக்கு எழுதினாள். பதில் வேதநாயகத்தின் மூலமாக வந்தது.

"பரிசீலனையில இருக்காம். நடக்காது உமையாள்."

"ஏன் சார்? தப்புன்னு எல்லாருக்கும் தெரியுதே."

"விதி போடறதுக்கு நம்ம கையெழுத்து போதும். வகையை மாத்தணும்னா, அந்த நிலம் இருந்துச்சு, அது போச்சுன்னு அரசாங்கம் ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டா நஷ்ட ஈடு குடுக்கணும். அதுக்கு பதிலா அந்த ஜனங்க விலக்குலயே இருந்துட்டுப் போகட்டும்னு நினைப்பாங்க."

பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அழைத்தது வேறு விஷயத்துக்காக.

"உங்க பேர்ல மட்டும் நானூறு விலக்கு இருக்கு. தணிக்கையில கேக்கறாங்க. ஒரே ஆள் நானூறுக்குப் பொறுப்புன்னா, எதுக்குமே பொறுப்பில்லன்னுதான் அர்த்தம்ங்கறாங்க."

"நான் ஒவ்வொண்ணையும் நேர்ல போய்ப் பாத்திருக்கேன் சார்."

"நீங்க பாத்தீங்க. உங்களைப் பாத்து அடுத்தவன் பாக்காமலே போடுவான். ஆளுக்கு முப்பதுதான்னு ஒரு விதி எழுதிடுங்க. அதோட, பிழையாகிற விலக்குல யார் பேர் இருக்கோ அவங்க பேர் எல்லா விலக்குலேர்ந்தும் போயிடும், இனிமே எதுலயும் போட முடியாதுன்னும் சேர்த்துக்குங்க."

"என்னால முடியாது சார்."

"எழுதலேன்னா விலக்கையே ரத்து பண்ணிடலாம்னு ஒரு பேச்சு ஓடுது. முப்பது வேணுமா, பூஜ்யம் வேணுமா, நீங்களே சொல்லுங்க."

அவர் மிரட்டவில்லை. உண்மையைத்தான் சொன்னார். அதனால்தான் அவளால் மறுக்க முடியவில்லை. அவள் எழுதினாள்.

அலுவலகத்தில் ஒவ்வொரு மேசையாகப் போய் நின்று, ஆளுக்குச் சில பெயர்களாவது போடும்படி கேட்டாள். நாலைந்து பேர் போட்டார்கள். ரிஸ்வான் முப்பதையும் நிரப்பினான். மிச்சத்தில் எதை விடுவது என்று அவள்தான் தீர்மானிக்க வேண்டியிருந்தது. செங்கல் சூளைக்காரர்கள் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அவர்களை விட்டாள். ஏரிக்கரைப் பள்ளிக்கூடத்தை விட்டாள். பெல்சியின் கட்டடம் மட்டுமே தொண்ணூறு. அதை எப்படிச் சுருக்கினாலும் முப்பதுக்குள் அடங்காது.

வழி கண்டுபிடித்தது ரிஸ்வான். வீடு என்ற வகையின் வரையறையைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, ஒரு தலைவர், ஒரு துணை, பிள்ளைகள். பிள்ளைகளுக்கு எண்ணிக்கை வரம்பு இல்ல."

"அதனால?"

"தொண்ணூறு வீடு எதுக்கு? ஒரே வீடு. பெல்சி அம்மா தலைவி. மிச்ச எல்லாரும் பிள்ளைங்க. ஒரே விலக்கு."

"அங்க எழுபது வயசுக்காரர் இருக்காரு ரிஸ்வான்."

"பிள்ளை அம்மாவை விட மூத்ததா இருக்கக் கூடாதுன்னு நீங்க இன்னும் விதி எழுதலையே." அவன் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "எழுதிடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் அந்தக் கட்டடத்துக்குப் போனார்கள். ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கானோர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேசிய பெரிய கூடத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். உமையாள் விளக்கிச் சொன்னதும் முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் கூடம் முழுக்கச் சிரிப்பு. பல் போன அந்தோணி எழுந்து பெல்சியின் எதிரில் வந்து நின்று, "எம்மா, பசிக்குதும்மா," என்றார். ஒரு பெண் தன் கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ இது எனக்கு அண்ணனா?"

"ஆமாக்கா, பதிவுல மட்டும்," என்றான் ரிஸ்வான்.

"புருசனா இருந்து இன்னா கிழிச்சுது? அண்ணனாவாவது இருக்கட்டும்."

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். ஓரத்தில் செலின் என்ற பெண் சிரிக்காமல் நின்றாள். இருபத்து மூன்று வயது. பக்கத்தில் அவள் கணவன் மரியதாஸ், கிடங்கில் சுமை தூக்குகிறவன். கல்யாணமாகி நாலு மாதம்.

"அப்பால புள்ள பொறந்தா இன்னா ஆவும் மேடம்?"

உமையாள் பொய் சொல்லவில்லை. பிறப்பு ஆஸ்பத்திரியிலிருந்தே தாயின் பெயரில் பதிவாகும். வீடு என்ற வகையில் பேரப்பிள்ளைக்கு இடமில்லை. தாய் தனி வீடாகப் பிரிய வேண்டும். அந்த வீட்டுக்கும் நிலப்புள்ளி கடலுக்குள்தான் இருக்கும். அதற்கு இன்னொரு விலக்கு வேண்டும். விலக்கு இல்லாமல் பிறப்பு பதிவானால், பிழை இந்தக் கட்டடத்தின் மொத்த வரியையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

"அப்ப எங்கிட்ட முன்கூட்டியே சொல்லுங்க. ஒரு இடம் நான் ஒதுக்கித் தர்றேன்," என்றாள்.

பிறகு ஒவ்வொரு மாதமும் அந்தக் கட்டடத்துக்குப் போய்வந்தாள். எல்லோரும் நன்றாக இருந்தார்கள். அவள் போகிற நாட்களில் செலின் மட்டும் கண்ணில் படவில்லை. கேட்டால், வேலைக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். உமையாளுக்குச் சந்தேகம் வந்தது. ஒரு நாள் தன் முப்பதையும் திரையில் விரித்து வைத்து, ஒன்று தேவைப்பட்டால் எதை எடுப்பது என்று யோசித்தாள். டயாலிசிஸ் செய்துகொள்கிற ஒரு முதியவர். கண் தெரியாத இருவர் குடியிருக்கும் ஒரு கொட்டகை. ஒவ்வொன்றையும் அவள் நேரில் பார்த்திருந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் அவளுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அவளால் எதையும் எடுக்க முடியவில்லை. தேவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று திரையை மூடினாள்.

ஆடி மாதத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்து ஒரு மாதம் போகவில்லை. அடுத்த முறை போனபோது கூடத்தில் யாரும் பேசவில்லை. குழந்தைகள்கூட அவளைப் பார்த்து ஓடிவரவில்லை. பெல்சி அவளைத் தன் அறைக்குள் அழைத்துப் போய் உட்காரச் சொன்னாள். அறை மூலையில் ஒரு சேலைத் தூளி தொங்கியது.

"செலினா?" என்று கேட்டாள் உமையாள்.

"பொண்ணு பொறந்துச்சு. மூணு வாரம் ஆவுது." பெல்சி தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "பிரசவம் இங்கதான் பாத்தோம். அந்தோணி தங்கச்சி அந்தக் காலத்துல ஆஸ்பத்திரி ஆயா. கொழந்தைலாம் நல்லாத்தான் வந்துச்சு. அப்பால ரத்தம் நிக்கல."

உமையாள் தூளியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆம்புலன்சுக்குப் போன் போட்டோம். இன்னா கேசுன்னு கேட்டான். பிரசவம்னு சொன்னா அப்டியே ரிஜிஸ்தர் ஆயிடுமாமே. மரியதாஸு போனைப் புட்ச்சிக்கினு என்னப் பாக்கறான். நான்தான் வவுத்து வலின்னு சொல்லுடான்னேன். வவுத்து வலிக்கு வண்டி வர நேரமாவும்னான். வர்றதுக்குள்ள பூட்டா."

"வண்டி?"

"சரியாயிட்ச்சுன்னு சொல்லி அனுப்ச்சிட்டோம். கரையாண்ட கொண்டுபோய்ப் பொதச்சோம்."

உமையாளுக்குத் தன் குரல் எங்கிருந்தோ வருவதுபோல இருந்தது. "எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே அக்கா. நான் இடம் ஒதுக்கித் தர்றேன்னு சொன்னேனே."

"பண்ணா இன்னா பண்ணிருப்பே? முப்பதுல ஒண்ண எட்த்திருப்பே. யாரை எட்த்திருப்பே?" பெல்சியின் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல நிமிர்ந்து பார்த்தாள். "செலினே சொல்லிட்டா. அந்தம்மாவை சங்கடத்துல மாட்டாதீங்க, தப்பாயிட்ச்சுன்னா அவங்க பேரு பூடும், நம்மளோட சேத்து இன்னும் எத்தினி பேரு தண்ணி பூடும்னா. உன் பேருதான் எங்களுக்கு எல்லாம். அதைக் காப்பாத்தணும்னுதான் இப்டிப் பண்ணோம்."

உமையாள் எழுந்து ஜன்னலருகே போய் நின்றாள். கீழே பெண்கள் துணி அலசிய தண்ணீரை வாளியில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அழ வேண்டும் என்று தோன்றியது. அழுதால் இவர்கள் தன்னைத் தேற்ற வருவார்கள் என்பதை நினைத்து அடக்கிக்கொண்டாள்.

"செலின் பேரை இன்னும் எடுக்கல," என்றாள் பெல்சி பின்னாலிருந்து. "எட்த்தா ஒரு ஆளு தண்ணி கொறஞ்சிடும். இதுக்கு எங்க போவோம்? அவ தண்ணியத்தான் இதுக்குக் காய்ச்சித் தர்றோம். புள்ளைக்கும் செலின்னே பேரு வெச்சிட்டோம். அப்பால யாருன்னா வந்து கேட்டா, செலின் எங்கன்னு ஒரு ஆள காட்டணுமே."

"பதிவுல செலினுக்கு இருபத்து மூணு வயசு அக்கா."

"தெரியும். இப்டியே இருந்தா உன் மிசின் கண்டுபுடிக்குமா?"

உமையாள் யோசித்தாள். தலைவிக்கு ஒரு பிள்ளை, பெயர் செலின், உயிரோடு இருக்கிறாள். அச்சில் பொருந்துகிறது. சரிபார்ப்பி தாண்டிப் போய்விடும். வயதுக்கும் ஆளுக்கும் பொருத்தம் பார்க்க ஒரு விதி எழுதினால்தான் பிடிபடும். அப்படி ஒரு விதி வேண்டும் என்று வேதநாயகம் ஒரு நாள் கேட்பார். நியாயமான காரணம் ஏதாவது சொல்லித்தான் கேட்பார்.

"இப்போதைக்குக் கண்டுபிடிக்காது," என்றாள்.

கதவருகே மரியதாஸ் வந்து நின்றான். கிடங்கு வேலை முடிந்து நேரே வந்திருந்தான், சட்டையெல்லாம் தூசி. உமையாளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான். தூளியிலிருந்து குழந்தையை எடுத்தான். ஆறிய வெந்நீரைப் பால்பொடியில் ஊற்றிப் புட்டியைக் குலுக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தான். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து குழந்தையை மடியில் சாய்த்துக்கொண்டான். அது வாயைத் திறந்து தேடியது.

அவன் அவளிடம் செலினைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. போன மாதம் அவள் ஏன் வரவில்லை என்றும் கேட்கவில்லை. குழந்தையின் முகத்தைப் பார்த்தபடியே பேசினான்.

"மேடம், நாளைக்கு இத ஸ்கூல்ல சேக்கச்சொல்ல என்னைய யாருன்னு கேப்பாங்கல்ல?"

"கேப்பாங்க."

"நான் இன்னான்னு சொல்றது?"

அவள் வாரியத்தில் பத்து வருடம் விதி எழுதியவள். எதைச் சொன்னால் பொருந்தும், எதைச் சொன்னால் இந்தக் கட்டடத்தில் அத்தனை பேருக்கும் தண்ணீர் நிற்கும் என்று அவளுக்கு உடனே தெரிந்தது.

"அண்ணன்னு சொல்லுங்க," என்றாள் உமையாள்.

மரியதாஸ் தலையாட்டினான். புட்டியைக் குழந்தையின் வாயில் வைத்தான்.